பிரசங்கம் புரியவில்லை: புது மிக்சரா, பழையதே போதுமா?

கீபோர்டு தம்பி:
எங்கள் சபை உயரமான கூரை கொண்ட பழைய கட்டடம். பின்னால் இருப்பவர்களுக்குப் பிரசங்கம் சத்தமாகக் கேட்கிறது, வார்த்தை பிடிபடவில்லை. மைக்குகளின் ஒலியைக் கலக்கும் 16 சேனல் அனலாக் மிக்சரை மாற்றி டிஜிட்டல் வாங்கக் கமிட்டியில் கேட்கப் போகிறேன். சரிதானா?

சவுண்ட் அண்ணன்:
அவசரப்படாதீர்கள் தம்பி. சத்தம் வந்தும் சொல் வரவில்லை என்றால் மிக்சரைக் குறை சொல்ல முடியாது. போதகர் பேசும்போது கொயர் மைக்குகளும் திறந்தே கிடக்கின்றனவா? திறந்த மைக் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும், விசிலடிக்காமல் ஏற்றக்கூடிய அளவு 3 டெசிபல் குறையும். முதலில் அவற்றை மூடுங்கள். குரல் சேனலில் லோ கட் (அடி ஒலியை வெட்டும் பட்டன்) போடுங்கள், 100 ஹெர்ட்சுக்குக் கீழே பேச்சுக்கு வேலையில்லை. பானைக்குள் பேசுவது போல இருந்தால் 250 ஹெர்ட்ஸ் பக்கம் குறையுங்கள். க, ச, ட, த எல்லாம் தெளிவது பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸுக்குள். ஜெபத்தின்போது நீங்கள் மெதுவாக வாசிக்கும் கீபோர்டும் அங்கேதான் வந்து உட்காருகிறது!

டேப்லெட் மிக்சர்:
இதை நான் ஏற்கவில்லை அண்ணா. வாரம் ஒருவர் மிக்சரில் உட்காரும் சபையில் இன்று வைத்த அளவு அடுத்த ஞாயிறு இருக்காது. டிஜிட்டலில் பிரசங்கத்துக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று என்று சேமித்துவிடலாம். டேப்லெட்டோடு கடைசி பெஞ்சுக்கே போய்க் கேட்டுத் திருத்தலாம்.

கடைசி பெஞ்ச்:
எதை வாங்கினாலும் சரி, டிரம்ஸைக் குறையுங்கள் பிரதர். பாட்டு தொடங்கியதும் அம்மா காது மெஷினைக் கழற்றிவிடுகிறார்கள். அப்புறம் பிரசங்கம் முடியும்வரை போடுவதில்லை.

சவுண்ட் அண்ணன்:
இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மேடைச் சத்தம் குறையாமல் எந்த மிக்சராலும் முடியாது. டேப்லெட் சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், ஆளுக்கு ஆள் அளவு மாறுவது உண்மைதான். தம்பி, பின் சுவரிலும் ஸ்பீக்கர் பாக்ஸ் இருக்கிறதா? ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். 25 மீட்டர் தள்ளி இருக்கும் பாக்ஸுக்கு 70 மில்லி செகண்டுக்கு மேல் டிலே (ஒலியைத் தாமதித்து விடுவது) வைக்காவிட்டால் ஒரே சொல் இரண்டு முறை விழும். அனலாக்கில் அந்த வசதி இருக்காது, தனி பிராசசர் வேண்டும்.

கீபோர்டு தம்பி:
பின்னால் இரண்டு பாக்ஸ் இருக்கிறது, டிலே கிடையாது. சனிக்கிழமை கொயர் மைக்கை மூடி, பின் பாக்ஸையும் நிறுத்திப் பார்க்கிறேன்.

டேப்லெட் மிக்சர்:
சனிக்கிழமை ஹால் காலியாக இருக்கும், எதிரொலி கூடுதலாகத் தெரியும். ஞாயிறு ஆள் நிறைந்த பிறகு அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.