கண்மாய்ச் சீமைக் கருவேலம்: முழுக்க எடுப்பதா, விடுவதா?

கண்மாய்க்கரை:
அடுத்த கிராமசபையில், எங்கள் கண்மாயிலும் சுற்றியுள்ள தரிசிலும் நிற்கும் சீமைக் கருவேலத்தைத் தூரோடு எடுக்கத் தீர்மானம் கொண்டுவரப் போகிறோம். ஊருக்குள்ளேயே எதிர்ப்பு இருக்கிறது, அதனால் இங்கே கேட்கிறேன். ராமநாதபுரம் மாவட்டத்து முதுகுளத்தூர் பக்கம், கண்மாய் பெருகினால்தான் நெல். என் கருத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்: ஒரு மரம்கூட மிஞ்சக் கூடாது.

இது மெக்சிகோ, தென் அமெரிக்கப் பக்கத்து மரம். 1877-இல் ஜமைக்காவிலிருந்து விதை தருவித்துச் சென்னை மாகாணத்தில் நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் விறகுக்கும் வேலிக்கும் ஆகும் என்று வறண்ட மாவட்டங்களில் பரப்பினார்கள். வேலியில் நின்றது இன்று கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் இறங்கி, தண்ணீர் நிற்கும் உள்வாய்க்குள் புகுந்து, மடை வாசல் வரை வந்துவிட்டது. தூரைச் சுற்றி வண்டல் படிந்து கண்மாய் மேடாகிறது. மழை பெய்தாலும் தண்ணீர் நிற்க இடமில்லை.

மூட்டக்காரர் மகள்:
அண்ணே, நான் படித்தது அந்த மரத்தில் வந்த காசில். அப்பாவும் அம்மாவும் இன்றைக்கும் கட்டையை மூடி எரித்துக் கரியாக்கும் கரிமூட்டம் போடுகிறார்கள். மழை பொய்த்த வருஷம் நெல்லும் போகும், மிளகாயும் போகும். அப்போது நிலமில்லாத ஆளுக்கு எங்கள் பக்கம் இருக்கிற கூலி விறகு வெட்டும் கரிமூட்டமும்தான். இது ஆடு மாடு இலையைக் கடிக்காத மரம், உப்பு மண்ணிலும் நிற்கும், வெட்டினால் திரும்பத் தழைக்கும். இதைக் கெட்ட மரம் என்கிறீர்கள். பஞ்ச காலத்தில் எங்களைச் சென்னைக்கோ திருப்பூருக்கோ போகவிடாமல் ஊரில் வைத்திருந்ததும் இதே மரம்தான்.

முழுக்க எடுத்துவிட்டு எங்களுக்கு என்ன வேலை தருவீர்கள்? தீர்மானத்தில் அதற்கு ஒரு வரி இருக்கிறதா?

தென்கரை:
இந்த மரம் காற்றில் இருக்கும் ஈரத்தையே உறிஞ்சி மழையைத் தடுக்கிறது. இதன் நிழலில் கட்டிய மாடு சினை பிடிக்காது. இதற்கு மேல் என்ன விவாதம்?

பூவரசு:
தென்கரை, இரண்டுமே வாட்சப்பில் சுற்றும் கதை, ஆதாரம் கிடையாது. (காமராஜர் கொண்டுவந்த மரம் என்பதும் அப்படித்தான், கண்மாய்க்கரை சொன்ன 1877 சரி.) உண்மையான கெடுதலே போதுமான அளவு இருக்கும்போது கதை எதற்கு? கதையைச் சொன்னால் எதிர்ப்பவர்கள் அதை மட்டும் உடைத்துவிட்டு மொத்தத்தையும் தள்ளிவிடுவார்கள்.

தாவரவியல் நடத்துகிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன். அரிசோனாவில் ஒரு சுரங்கம் தோண்டியபோது இதே பேரினத்து மரத்தின் வேரை 53 மீட்டர் ஆழத்தில் பார்த்தார்கள். மற்ற செடி காய்ந்து நிற்கும் கோடையிலும் இது பச்சையாக நிற்பது அந்த ஆழ்வேரால்தான். அதாவது வறட்சியிலும் நிலத்தடி நீர் போய்க்கொண்டே இருக்கிறது. அடர்ந்து வளர்ந்தால் அடியில் புல்கூடத் தலைகாட்டாது. இன்னொரு பக்கம், இது அவரைக் குடும்பம், மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும். வேறெதுவும் பிழைக்காத உவர் நிலத்தில் மண்ணைப் பிடித்து வைப்பதும் உண்மை.

ஆகவே கண்மாய்க்குள் எடுக்கலாம், எடுக்கத்தான் வேண்டும். தரிசு நிலத்தில் ஒரேயடியாக வழிப்பதை எதிர்க்கிறேன்.

கீதாரி பேரன்:
யாரும் ஆட்டுக்காரனைக் கேட்கவில்லை. சித்திரை, வைகாசியில் புல் இல்லாதபோது கிடை ஆட்டுக்கு இந்த நெற்றுத்தான் தீனி, இனிப்பாக இருக்கும், ஓடி ஓடித் தின்னும். அதே ஆடுதான் விதையைப் பரப்புகிறது. குடலுக்குள் போய் வந்த விதை புழுக்கையோடு விழுந்து நன்றாக முளைக்கும். கிடை போட்ட வயல் ரெண்டு வருஷம் உழவு இல்லாமல் கிடந்தால் முள்ளுக்காடு.

ஆனாலும் நான் மரத்துக்கு எதிர்க்கட்சி. தண்ணீர் வற்றியதும் கண்மாய் உள்வாய் முழுக்கப் பசும்புல் கிடக்கும் என்று தாத்தா சொல்வார். இப்போது அங்கே ஆட்டை விட்டால் குளம்பில் முள் ஏறி நொண்டிக்கொண்டு வருகிறது. மூன்று மாத நெற்றுக்காக வருஷம் முழுக்க இருந்த மேய்ச்சலை இழந்தோம். கென்யாவில் பரிங்கோ ஏரிப் பக்கமும் இதே கதை. 1980களில் நல்லதென்று நட்டார்கள், பிறகு நெற்றைத் தின்று ஆடுகளுக்குப் பல் போகிறது என்று மேய்ச்சல்காரர்கள் அரசு மேலேயே வழக்குப் போட்டார்கள்.

கண்மாய்க்கரை:
பூவரசு, பாதி எடுத்து பாதி விடுவது நடக்காது. கீதாரி பேரன் சொன்னதையே பாருங்கள், தரிசில் நெற்று இருக்கும்வரை ஆடு அதைக் கண்மாய்க்குக் கொண்டுவரும். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டபோதே முழுக்க முடித்திருக்க வேண்டும்.

பூவரசு:
அந்த உத்தரவு என்ன ஆனது என்பதையும் சொல்லுங்கள். முறையான ஆய்வு இல்லாமல் அகற்றக் கூடாது என்று வழக்கு வந்து, அதே ஆண்டு ஏப்ரலில் சென்னையில் முதல் அமர்வு இடைக்காலத் தடை போட்டது. அவசர அவசரமாக ஜேசிபி வைத்து மேலோடு ஒடித்த இடங்களில் தூர் மண்ணுக்குள்ளேயே இருந்தது, அடுத்த மழையில் ஒரு தூரிலிருந்து பத்துக் கொம்பு வந்தது. எடுப்பது ஒரு வார வேலை. அதற்குப் பிறகு மழைக்கு மழை நாற்றைக் கையால் பிடுங்க ஆள் வேண்டும், அந்த இடத்தில் நாட்டுக் கருவேலமோ புங்கனோ நட்டு வளர்க்க வேண்டும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் சரணாலயங்களில் நாரைகள் கூடு கட்டுவது கருவேல மரத்தில். பறவை வந்து இறங்கும் காலத்தில் வெறும் தரையாக்கி வைத்தால் அவை எங்கே போகும்?

மூட்டக்காரர் மகள்:
இன்னொன்றும் கேட்கிறேன். கண்மாயைக் கெடுத்தது மரம் மட்டுமா? ஊரே கூடிக் கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்து விட்டுப்போய் எத்தனை காலம்? வரத்துக்காலை அடைத்துப் பிளாட் போட்டது யார்? ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயை நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்பார்கள். அவ்வளவு பெரிய கண்மாயிலும் இன்று முள்தான். உழவும் தூர்வாரலும் நடந்த காலத்தில் இது வரப்பைத் தாண்டவில்லை. நிலத்தைத் தரிசு போட்டுவிட்டுப் போனவர்கள் ஊரில் இல்லை, கரி சுடுகிறவர்கள் மேல் பழி வருகிறது.

கண்மாய்க்கரை:
பிளாட் போட்டது உண்மை, மறுக்கவில்லை தங்கச்சி. அதற்காகக் கண்மாய்க்குள் மரத்தை விட்டு வைக்க முடியாது.

கீதாரி பேரன்:
வெட்டும் வேலையை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்? போன தடவை எங்கள் ஊரில் வெளியூர்க்காரர் ஏலம் எடுத்தார். பருத்த மரத்தை லாரியில் ஏற்றினார், குச்சியையும் தூரையும் விட்டுவிட்டுப் போனார்.

மூட்டக்காரர் மகள்:
அதைத்தான் சொல்ல வந்தேன். உள்வாயில் எடுக்க எனக்குச் சம்மதம், மூன்று நிபந்தனையோடு. ஏலம் கிடையாது, வெட்டுக்கூலியும் கட்டையும் ஊரில் மூட்டம் போடுகிற குடும்பங்களுக்கு. தூர் தோண்டினால்தான் அந்தக் கட்டை கைக்கு வரும் என்று எழுதுங்கள், ஒரு தூர் மிஞ்சாது, நாங்களே பார்த்துக்கொள்வோம். இரண்டாவது, நாற்றுப் பிடுங்குவதை நூறு நாள் வேலையில் சேருங்கள். மூன்றாவது, பட்டா தரிசைத் தொடக் கூடாது.

கண்மாய்க்கரை:
முதல் இரண்டும் சரி, தீர்மானத்தில் சேர்க்கிறேன். மூன்றாவது முடியாது. குறைந்தது கரையை ஒட்டிய பட்டா நிலமாவது சுத்தமாக வேண்டும்.

மூட்டக்காரர் மகள்:
கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளவு போட்டுக் கொண்டுவாருங்கள். அதுவரை கூட்டத்தில் எங்கள் தெரு ஆட்கள் கை தூக்க மாட்டார்கள்.