பயிற்சிக் காலத்தில் உங்களுக்குப் பாடம் நடத்தியவர் யார்? (அனுபவப் பகிர்வு)

மருத்துவ உடற்பயிற்சி உடலியலில் கடைசி ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் நோய்களைத் தனித்தனியாகப் பிரித்துப் படித்தோம். ஒரு வாரம் இதயம், அடுத்த வாரம் சர்க்கரை, அதற்கடுத்த வாரம் நுரையீரல். நேரடிப் பயிற்சிக்குப் போன முதல் நாளே தெரிந்துவிட்டது, ஒரே ஒரு நோயோடு யாரும் வருவதில்லை. எனக்கு அதைப் புரியவைத்தவரைப் பற்றி எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள். ஆளை அடையாளம் காட்டும் விவரங்கள் மட்டும் வேண்டாம்.

அவருக்கு வயது 62. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர். பல வருடச் சர்க்கரை, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். முழங்கால் தேய்மானமும் உண்டு. முந்தைய இரவே திட்டம் எழுதி வைத்துவிட்டேன். 220-இலிருந்து வயதைக் கழித்தால் 158, அதாவது அந்த வயதில் நாடி அதிகபட்சமாகத் துடிக்கும் என்று போடும் கணக்கு. அதில் 70 முதல் 80 சதவீதம் என்றால், நாடித்துடிப்பு ஏறக்குறைய 110-க்கும் 126-க்கும் நடுவில் இருக்க வேண்டும்.

சைக்கிளில் உட்காரவைத்தேன். பத்து நிமிடம் ஆகியும் துடிப்பு 92-ஐத் தாண்டவில்லை. சரி, இவருக்கு இது போதவில்லை என்று நினைத்து லோடைக் கூட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னும் கூட்டினேன். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் மேற்பார்வையாளர் அந்தப் பக்கமாக வந்தார். திரையில் இருந்த எண்ணை அவர் பார்க்கவே இல்லை, பெரியவரின் முகத்தைத்தான் பார்த்தார். "ஐயா, நேத்து ராத்திரி நல்லா தூங்கினீங்களா?" என்று கேட்டார். பதில் முழுதாக வரவில்லை. இரண்டு சொல், ஒரு மூச்சு. இரண்டு சொல், ஒரு மூச்சு. லோடை உடனே இறக்கச் சொன்னார்.

பெரியவர் பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர். அந்த மாத்திரை இதயத்தை வேகமாகத் துடிக்க விடாது. அதனால் வயதை வைத்துப் போடும் கணக்கு அவருக்குப் பொருந்தாது. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை, தேர்வில் எழுதியிருக்கிறேன். மருந்துப் பட்டியலையும் அன்று காலை வாசித்திருந்தேன். ஆனால் பட்டியல் ஒரு தாளில் இருந்தது, நாடித்துடிப்புக் கணக்கு இன்னொரு தாளில் இருந்தது. இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

அதோடு முடியவில்லை. சைக்கிளை விட்டு இறங்கியதும் சுகர் பார்த்தோம், 66. ஆரம்பிக்கும்போது 118 இருந்தது. இரத்தச் சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும் என்று படிக்கிறோம். பீட்டா பிளாக்கர் இந்த இரண்டையும் மறைத்துவிடும். வியர்வையை அது மறைக்காது. ஆனால் சைக்கிள் மிதிக்கிற மனிதருக்கு வியர்த்தால் யார் சந்தேகப்படுவார்கள்? குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, எண் ஏறிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கிளம்பும்போது அவர் சொன்னது: "முட்டி ரொம்ப வலிச்சுதும்மா. புதுசா படிக்கிற பொண்ணு, மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லலை."

இப்போது, எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று பயிற்சி செய்பவரே எண்ணில் சொல்லும் போர்க் அளவுகோலைத்தான் முதலில் விளக்குகிறேன். சுவீடனைச் சேர்ந்த குன்னர் போர்க் உருவாக்கியது. 6 முதல் 20 வரை எண்கள், 6 என்றால் சிரமமே இல்லை, 20 என்றால் இதற்கு மேல் முடியாது. பெரியவர் "13" என்று சொன்னால், அந்த 13-ஐ நான் நம்ப வேண்டும். அதைவிட முக்கியம், பெரிய எண்ணைச் சொன்னால் நான் வருத்தப்பட மாட்டேன் என்பதை அவர் நம்ப வேண்டும்.

பதில் 1

தங்கச்சி, நல்ல காரியம் செய்தாய். நான் இந்த வேலைக்கு வந்து பல வருடம் ஆகிறது. ஆனாலும் எனக்குப் பாடம் நடத்தியவர் சமீபத்தில்தான் வந்தார்.

முப்பதுகளில் இருந்த ஒரு பெண். கொரோனா வந்துபோய் மாதக்கணக்கில் ஆகியும் சோர்வு விடவில்லை. முதல் நாள் மெதுவாக நடந்தார், பி.பி., நாடி, ஆக்ஸிஜன் எல்லாம் சரியாக இருந்தன. சிரித்துப் பேசிவிட்டுப் போனார். இரண்டாம் முறை நேரத்தைக் கொஞ்சம் கூட்டினேன், அப்போதும் எல்லாம் சரி. மூன்றாம் முறைக்கு அவர் வரவில்லை. "ஆர்வம் குறைந்துவிட்டது போல" என்று குறிப்பில் எழுதினேன். இன்றும் அந்த வரியை நினைத்தால் மனம் வலிக்கிறது.

போன் செய்தபோது அவருடைய அம்மா எடுத்தார். மூன்று நாளாக எழுந்திருக்கவில்லை, வெளிச்சம் பட்டால் தாங்கவில்லை, பேச்சுக்கூட இல்லை என்றார். சில வாரம் கழித்து அவரே பேசினார். "அக்கா, உங்க முன்னாடி நான் நல்லாத்தான் இருப்பேன். ரெண்டு நாள் கழிச்சுத்தான் விழுவேன். அதை நீங்க யாரும் பார்க்கிறதில்லை."

உழைப்புக்குப் பின் வரும் இந்த வீழ்ச்சி பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். நாட்பட்ட சோர்வு நோய் என்று நாம் சொல்கிற மயால்ஜிக் என்செஃபலோமயலைட்டிஸில் இதுதான் முதன்மை அடையாளம். கொரோனாவுக்குப் பின் அவதிப்படும் பலரிடமும் இது இருக்கிறது. படிப்படியாகச் சுமையைக் கூட்டு, உடல் பழகிக்கொள்ளும் என்பது நம் துறையின் அடிப்படை. அந்த அடிப்படையே இவர்களைக் கெடுக்கிறது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பு 2021-இல் வெளியிட்ட வழிகாட்டியில், அந்த நோய்க்குப் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியைத் தரக் கூடாது என்றே சொல்லிவிட்டது.

அவருக்கு நான் அப்புறம் செய்தது பயிற்சி என்று சொல்லத்தக்கது இல்லை. ஒரு நாளில் எங்கெங்கே சக்தி கரைகிறது என்று இருவரும் உட்கார்ந்து எழுதினோம். குளிப்பதற்கு ஒரு நாற்காலி. சமைப்பதை மூன்றாகப் பிரித்து நடுவில் படுத்துக்கொள்வது. வீழ்ச்சிக்கும் வீழ்ச்சிக்கும் இடையே இருந்த நாட்கள் மெல்ல நீண்டன. இப்போது புதிதாக யார் வந்தாலும், அன்று எப்படி இருந்தது என்பதோடு, மறுநாளும் அதற்கு மறுநாளும் எப்படி இருந்தது என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

பதில் 2

என்னுடையது சின்ன விஷயம். இதய மாற்று அறுவை செய்துகொண்ட ஒருவர். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு 104. நான் பதறினேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "தம்பி, இது வேற ஒருத்தர் இதயம். நரம்பை வெட்டித்தானே எடுத்து வச்சாங்க. நான் நடக்கிறேங்கிற செய்தி அதுக்கு இரத்தம் வழியா மெதுவாத்தான் போய்ச் சேரும்." உண்மைதான். துடிப்பு தாமதமாக ஏறும், நிறுத்திய பிறகும் சிறிது நேரம் ஏறிக்கொண்டே இருக்கும், இறங்கவும் நேரம் எடுக்கும். அதனால் தொடக்கமும் முடிவும் இரண்டுமே நீளமாக இருக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் நான் மூன்று முறை படித்தும் மனதில் நிற்காததை அவர் ஒரு நிமிடத்தில் நிற்கவைத்துவிட்டார்.

பதில் 3

நான் படிக்கிறவன் இல்லை. பயிற்சி எடுத்துக்கொள்கிறவன். எழுதலாம்தானே?

விபத்தில் என் தண்டுவடம் மார்பின் மேற்பகுதியில் அடிபட்டது, நான்காவது மார்பு முள்ளெலும்பு மட்டத்தில். சக்கர நாற்காலி. கையால் சுற்றும் சைக்கிளில் வாரம் மூன்று நாள் பயிற்சி. ஒரு நாள் நடுவில் திடீரென்று தலை வெடிப்பது போல வலி. முகமும் கழுத்தும் சிவந்து வியர்த்தது. அன்று என்னோடு இருந்தவர் பயிற்சிக்கு வந்திருந்த மாணவர், நல்ல பையன். மயக்கம் வரப்போகிறது என்று நினைத்து, நாற்காலியைச் சாய்த்து என்னைப் படுக்கவைக்கப் பார்த்தார்.

மற்றவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். எனக்கு அது ஆபத்து. ஆறாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு, அடிபட்ட இடத்துக்குக் கீழே ஏதாவது உறுத்தினால் பி.பி. கண்மண் தெரியாமல் ஏறும். படுத்தால் இன்னும் ஏறும். "என்னை நிமிர்த்தி உட்கார வை! டியூபைப் பார்!" என்று கத்தினேன். இடுப்புப் பட்டைக்கு அடியில் சிறுநீர்க் குழாய் மடங்கிக் கிடந்தது. பட்டையைத் தளர்த்திக் குழாயை நேராக்கியதும் சில நிமிடத்தில் தலைவலி இறங்கியது.

அந்தப் பையன் அழுதுவிட்டார். நான் அவரைத் திட்டவில்லை. மறு வாரம் அவரே ஒரு அட்டையில் "நிமிர்த்து, தளர்த்து, குழாயைப் பார், பி.பி. பார், உதவிக்குக் கூப்பிடு" என்று பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினார். இன்னும் அங்கேயே இருக்கிறது. படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று: என்னைப் போன்றவர்கள் எங்கள் உடம்போடு இருபத்துநாலு மணி நேரமும் இருக்கிறோம். முதல் நாளே கேளுங்கள், "உங்களுக்கு ஏதாவது ஆனா நான் என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாது?" என்று. சொல்லத் தயாராகத்தான் இருக்கிறோம்.

பதில் 4 (தொடக்கப் பதிவு எழுதியவர்)

அண்ணா, நீங்கள் எழுதியதை எங்கள் வகுப்புக் குழுவில் சொன்னேன். அந்தக் கேள்வியை எங்கள் முதல் சந்திப்புப் படிவத்தில் சேர்க்கப்போகிறோம்.

அக்கா, "ஆர்வம் குறைந்துவிட்டது" என்ற வரியை நானும் இரண்டு பேரைப் பற்றி எழுதியிருக்கிறேன். இன்று மாலை இருவருக்கும் போன் செய்தேன். ஒருவர் எடுத்தார். பஸ் ஏறி வந்து சேர்வதற்குள்ளேயே அவருக்கு மூச்சு வாங்கிவிடுகிறதாம், இங்கே வந்து செய்ய எதுவும் மிச்சம் இருப்பதில்லையாம். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து வீட்டிலேயே நாற்காலிப் பயிற்சி, போனில் பேசிக்கொண்டே செய்வோம் என்று முடிவு செய்திருக்கிறோம். மேற்பார்வையாளரும் சரி என்றார். இன்னொருவருக்கு நாளை காலை மறுபடி முயற்சி செய்வேன்.

பெரியவர் நன்றாக இருக்கிறார். முழங்காலுக்காக சைக்கிள் இருக்கையின் உயரத்தை மாற்றினோம். நேற்று "15" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "ரொம்ப நன்றி ஐயா" என்று சொல்லி லோடைக் குறைத்தேன்.

வியாழக்கிழமை முதன்முறையாக டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவரைப் பார்க்கப் போகிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 5

ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகக் கையில் இரத்தக் குழாய்களை இணைத்திருக்கும் இடம்) எந்தக் கை என்று கேட்டுக்கொள், அந்தக் கையில் பி.பி. பார்க்காதே. டயாலிசிஸ் நடக்கும்போதே பயிற்சி என்றால் முதல் பாதியில் முடித்துவிடு, பின்பாதியில் பி.பி. இறங்கலாம். அவர் சோர்வாக இருக்கிறார் என்றால் அன்றைக்கு விட்டுவிடு, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். பார்த்துவிட்டு வந்து எழுது.