தங்கப் பரப்பில் மோதும் ஹைட்ரஜன் அணு: விடும் உயரத்தை மாற்றினால் ஆற்றல் இழப்பும் மாறுகிறது, ஏன்?

சூரமங்கலம் மாணவி:
வணக்கம். சேலத்தில் முதுகலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு ஹைட்ரஜன் அணு தங்கத்தின் 111 பரப்பில் (அணுக்கள் மிக நெருக்கமாக அடுக்கிய படிக முகம்) செங்குத்தாக மோதித் திரும்பும்போது எவ்வளவு ஆற்றலை உலோகத்திடம் விட்டுவிட்டு வருகிறது என்பதுதான் என் ப்ராஜெக்ட். அணுக்களின் அசைவைக் கணக்கிடும் லாம்ப்ஸ் மென்பொருளில் ஓட்டுகிறேன். அணுவின் ஆற்றல் 2 எலெக்ட்ரான் வோல்ட். தங்கம் ஆறு அடுக்கு, அடி அடுக்கை மட்டும் அசையாமல் பிடித்து வைத்திருக்கிறேன். வெப்பநிலை 300 கெல்வின், டைம் ஸ்டெப் 0.1 ஃபெம்டோ விநாடி.

பரப்புக்கு மேலே 6 ஆங்ஸ்ட்ராமில் இருந்து விட்டு, அதே உயரத்துக்குத் திரும்பியதும் அளந்தால் இழப்பு 40 சதவீதத்தை ஒட்டி வருகிறது. தங்கத்தில் ஹைட்ரஜன் அணு நிறைய ஆற்றலை இழக்கிறது என்று 2015இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் குழு சோதனையிலேயே காட்டியிருக்கிறது. அதனால் வழிகாட்டிக்கும் இதில் திருப்தி. ஆனால் 12 ஆங்ஸ்ட்ராமில் இருந்து விட்டால் மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது! அவ்வளவு உயரத்தில் வெறும் வெற்றிடம்தானே? இந்த நிலையில் அறிக்கை எழுத மனம் வரவில்லை. யாராவது உதவுங்கள்.

ஓமலூர்க்காரன்:
மனம் வராததுதான் சரி. மோதல் நடக்கும்போது தெர்மோஸ்டாட் (வெப்பநிலையைப் பிடித்து வைக்கும் கட்டளை) ஓடுகிறதா? எந்த அணுக்கள் மேல்?

சூரமங்கலம் மாணவி:
ஓடுகிறது அண்ணா. லாஞ்சவின் தெர்மோஸ்டாட். அடி அடுக்கைத் தவிர மற்ற எல்லா அணுக்களும் அந்தக் குழுவில் இருக்கின்றன. டாம்ப் மதிப்பு, அதாவது உராய்வு வேகத்தைத் தணிக்கும் கால அளவு, 0.3 பிக்கோ விநாடி. லேபில் வழக்கமாகப் பயன்படுத்தும் இன்புட் கோப்பு இது.

ஓமலூர்க்காரன்:
அப்படியானால் ஹைட்ரஜனும் அந்தக் குழுவில் இருக்கிறது. லாஞ்சவின் என்பது ஒரு உராய்வு விசையும் ஒரு தற்செயல் விசையும் சேர்ந்தது. உராய்வு, வேகத்துக்கு ஏற்ப அணுவை இழுத்துப் பிடிக்கும். பக்கத்தில் உலோகம் இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை.

கையாலேயே கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 எலெக்ட்ரான் வோல்ட் ஹைட்ரஜன் அணுவின் வேகம் ஒரு ஃபெம்டோ விநாடிக்கு ஏறத்தாழ 0.196 ஆங்ஸ்ட்ராம். இந்த வகை உராய்வில் குறையும் வேகம், கடந்த தூரத்தை டாம்ப் மதிப்பால் வகுத்தது. 6 ஆங்ஸ்ட்ராம் போய்வர 12. அதை 300 ஃபெம்டோ விநாடியால் வகுத்தால் 0.04. மிஞ்சும் வேகம் 0.156, அதாவது ஆற்றலில் 37 சதவீதம் காலி. 12 ஆங்ஸ்ட்ராமில் இருந்து விட்டால் போய்வர 24, வேகத்தில் 0.08 குறையும், ஆற்றலில் 65 சதவீதம் போகும். உங்கள் இரண்டு எண்களும் ஏறக்குறைய அப்படியே வந்துவிட்டன. தங்கத்தின் பங்கு இதில் கொஞ்சம்தான்.

செய்ய வேண்டியது: ஹைட்ரஜன் இல்லாமல் தங்கத்தை மட்டும் 300 கெல்வினுக்குக் கொண்டு வாருங்கள். அப்புறம் தெர்மோஸ்டாட்டை முழுக்க எடுத்துவிட்டு என்விஇ-யில், அதாவது மொத்த ஆற்றல் மாறாத முறையில், மோத விடுங்கள். மோதல் நூறு ஃபெம்டோ விநாடிக்குள் முடிந்துவிடும். தங்கத்தில் ஒலி ஒரு ஃபெம்டோ விநாடிக்கு 0.032 ஆங்ஸ்ட்ராம்தான் நகரும். 12 ஆங்ஸ்ட்ராம் தடிமனில் அதிர்வு அடிவரை போய்த் திரும்ப 700 ஃபெம்டோ விநாடிக்கு மேல் ஆகும். அதனால் ஆறு அடுக்கே போதும். மொத்த ஆற்றல் மாறாமல் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஏற்காட்டிலிருந்து:
இங்கே மழைக்கு மின்சாரம் போய்ப் போய் வருகிறது, சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். தெர்மோஸ்டாட்டை எடுத்ததும் இழப்பு சரிந்து விழும், பயப்படாதீர்கள். நேருக்கு நேர் மோதினால் போகும் பங்கு, நிறை விகிதம் மியூ என்றால், 4 மியூவை (1 + மியூ) வர்க்கத்தால் வகுத்தது. இதைப் பாவுலே மாதிரி என்பார்கள். ஹைட்ரஜன் 1, தங்கம் 197. விடை 2 சதவீதம். உள்ளே புகுந்து பல முறை மோதினால் கூடும், ஆனாலும் சோதனை காட்டும் அளவுக்கு எட்டாது.

அதே கோட்டிங்கன் குழு செனான் பரப்பிலும் அளந்தது. செனானின் நிறை 131. தங்கத்தை விட லேசு, அதனால் வெறும் இயக்கவியல்படி செனான்தான் அதிகம் வாங்க வேண்டும், 3 சதவீதம். நடந்தது நேர்மாறு: செனானில் இழப்பு குறைவு, தங்கத்தில் மிக அதிகம். செனான் மின்கடத்தாப் பொருள், ஆற்றல் இடைவெளி 9 எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல். அங்கே 2 எலெக்ட்ரான் வோல்ட் அணுவால் எந்த எலெக்ட்ரானையும் கிளப்ப முடியாது. தங்கத்தில் எவ்வளவு சின்ன ஆற்றலிலும் எலெக்ட்ரான்–துளை ஜோடி (கிளம்பிய எலெக்ட்ரானும் அது விட்டுச் சென்ற காலியிடமும்) உருவாகும். ஆற்றல் போகும் வழி அதுதான். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த ஒப்பீடு இது.

ஓமலூர்க்காரன்:
ஆமாம். ஆகவே உராய்வு வேண்டும்தான், ஆனால் அது இடத்துக்கு இடம் மாற வேண்டும். ஹெட்-கோர்டனும் டல்லியும் 1995இல் எழுதிய மின்னணு உராய்வு முறை அதைத்தான் செய்கிறது. அணு நிற்கும் இடத்தில் எலெக்ட்ரான் அடர்த்தி எவ்வளவோ அதற்கேற்ற உராய்வு என்று வைப்பது எல்டிஎஃப்ஏ தோராயம். வெற்றிடத்தில் அடர்த்தி பூஜ்யம், உராய்வும் பூஜ்யம். தற்செயல் விசையை விட்டுவிடாதீர்கள், அதற்கு எலெக்ட்ரான்களின் வெப்பநிலையைக் கொடுக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இஏஎம் பொட்டென்ஷியல் (உலோக அணுக்களுக்கு இடையிலான விசையைத் தரும் மாதிரி) கோப்பில் 'அடர்த்தி' என்று இருப்பது பொருத்தி எடுத்த எண், உண்மையான எலெக்ட்ரான் அடர்த்தி என்று நம்பி அதை உராய்வுக்குள் போடாதீர்கள். கோட்டிங்கன்காரர்கள் இஎம்டி (எஃபெக்டிவ் மீடியம் தியரி) முறையை எடுத்துக்கொண்டதில் ஒரு வசதி, விசையும் அடர்த்தியும் ஒரே கணக்கில் கிடைத்துவிடும்.

உருக்காலை ஓய்வு:
நான் சேலம் உருக்காலையில் வேலை பார்த்தவன். ஸ்டெயின்லெஸ் தகட்டை ஹைட்ரஜன் சூழலில் பிரைட் அனீலிங் (பளபளப்பு போகாமல் சூடாக்கிப் பதப்படுத்துவது) செய்வார்கள். இந்த மாதிரி அதற்கும் பொருந்துமா தம்பி?

ஓமலூர்க்காரன்:
நேராகப் பொருந்தாது சார். 1100 டிகிரி செல்சியஸில்கூட கேடி (வெப்ப அசைவின் ஆற்றல் அளவு) 0.12 எலெக்ட்ரான் வோல்ட்தான், இவர் விடும் அணுவின் ஆற்றலில் ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்கு. உலைக்குள் இருப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன் மூலக்கூறு, அது முதலில் பிரிய வேண்டும். குரோமியம் ஆக்சைடு நிற்குமா போகுமா என்பதை வெப்பநிலையும் வாயுவின் டியூ பாயிண்டும் (அதில் எவ்வளவு ஈரம் என்பதைக் காட்டும் அளவு) தீர்மானிக்கின்றன. அதற்கு வெப்ப இயக்கவியல் கணக்குதான் முதலில் வேண்டும்.

சூரமங்கலம் மாணவி:
மாற்றி ஓட்டிவிட்டேன். இப்போது எந்த உயரத்தில் இருந்து விட்டாலும் ஒரே இழப்பு, சில சதவீதம்தான். மொத்த ஆற்றலும் நிலையாக நிற்கிறது. வழிகாட்டியிடம் இரண்டு வரைபடங்களையும் காட்டினேன், மின்னணு உராய்வைச் சேர்க்கச் சொல்லிவிட்டார். இன்னொரு சந்தேகம்: உள்ளே புகுந்து வெளியே வராத அணுக்களைச் சராசரியில் சேர்க்கலாமா?

ஏற்காட்டிலிருந்து:
சேர்க்காதீர்கள் மா. ஒட்டிக்கொண்டவற்றைத் தனியாக எண்ணி, ஒட்டும் வாய்ப்பு என்று கொடுங்கள். திரும்பியவற்றிலும் சராசரியோடு நிற்காமல் முழுப் பரவலையும் வரையுங்கள். சோதனையில் அணுக்கள் சாய்வாக விழுந்தன, ஒரு குறிப்பிட்ட கோணத்தில் சிதறியவற்றை அளந்தார்கள். ஒப்பிடும்போது உங்கள் செங்குத்து மோதலையும் அதற்கேற்ப மாற்றி ஓட்டுங்கள்.