"ஃபேன்ஸி எ ரூபி?": ரூபி என்றால் என்ன?

வசனவரி:
லண்டனில் நடக்கும் தொடர் ஒன்றுக்குத் தமிழ் வசன வரி எழுதுகிறேன். பப்பிலிருந்து வெளியே வரும் ஒருவர் தன் நண்பரிடம் "ஃபேன்ஸி எ ரூபி?" என்கிறார். அடுத்த காட்சியில் இருவரும் உணவகத்தில் நான் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருக்கிறார்கள். மாணிக்கக் கல் இல்லை என்பது மட்டும் புரிகிறது. இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? இரண்டு விநாடி நிற்கும் வரியில் எப்படி எழுதலாம்?

சொல்லடுக்கு:
ஆங்கிலேயர் 'கரி' என்று சொல்லும் இந்தியச் சாப்பாடுதான் ரூபி. முழுத் தொடர் 'ரூபி மரி'. இவர் 1935இல் பெல்ஃபாஸ்ட்டில் பிறந்த பாடகி. 1955இல் ஒரே வாரத்தில் இவருடைய ஐந்து பாட்டுகள் பிரிட்டனின் முதல் 20 இடங்களுக்குள் இருந்தன. அவ்வளவு தெரிந்த பெயர் என்பதால்தான் ஓசைக்குக் கைகொடுத்தது. தமிழில் 'முர்ரே' என்று எழுதிப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. வாய்விட்டு 'மரி' என்று சொல்லுங்கள். கரி, மரி: நம் கணக்கில் இரண்டாம் எழுத்து ஒன்றிய எதுகை.

இது கிழக்கு லண்டனின் காக்னி வழக்கு. சொல்ல வந்த சொல்லோடு ஓசை ஒத்து முடியும் ஒரு தொடரை எடுப்பார்கள். பிறகு ஓசை ஒத்த கடைசிச் சொல்லையே வெட்டிவிடுவார்கள். மிச்சம் நிற்பது பொருளோடு ஒட்டே இல்லாத முதல் சொல். பார்ப்பதற்கு 'லுக்', அதோடு ஒத்து வருவது 'புச்சர்ஸ் ஹுக்', கசாப்புக்கடைக் கொக்கி. 'ஹுக்' போய் "ஹேவ் எ புச்சர்ஸ்" என்றால் "ஒரு பார்வை பார்" என்று பொருள். அகராதியில் 'புச்சர்' என்று தேடிக் கசாப்புக்காரரை வசனத்தில் கொண்டுவந்துவிடும் தவறு இங்கேதான் நேர்கிறது.

எல்லாவற்றையும் வெட்டுவதில்லை என்பதையும் கவனியுங்கள். மனைவியைக் குறிக்கும் 'டிரபிள் அண்ட் ஸ்ட்ரைஃப்', செத்துப்போனதைக் குறிக்கும் 'பிரவுன் பிரெட்' இரண்டும் பெரும்பாலும் முழுசாகவே வரும்.

இந்த வழக்கம் ரூபிக்கு ரொம்ப முந்தியது. ஜான் கேம்டன் ஹாட்டன் 1859இல் வெளியிட்ட கொச்சைச் சொல் அகராதியில் இதற்கென்றே தனிப் பட்டியல் இருக்கிறது. லண்டனின் 'செவன் டயல்ஸ்' பக்கத்தில் தெருப்பாட்டு விற்றவர்கள், கூவி விற்றவர்கள் வாயில் புழங்கியது என்கிறார் அவர். போலீசுக்குப் புரியாமலிருக்கத் திருடர்கள் கட்டிய மொழி என்ற கதையை விட எனக்கு இதுவே நம்பத் தகுந்ததாகப் படுகிறது. ஆனால் 'ரூபி' விக்டோரியா காலத்துச் சொல் என்று யாராவது எழுதியிருந்தால் தள்ளிவிடுங்கள். ஆள் பெயரில் அமைந்த சொல், அந்த ஆள் பேர் வாங்குவதற்கு முன் பிறந்திருக்க முடியாது.

கறிமுருங்கை:
மேலே சொன்னது சரி. வரி எழுதேக்க ஒரு சிக்கல் இருக்கு. "கறி சாப்பிடப் போவமா?" எண்டு போட்டால் எங்கட ஆக்களுக்கு ஓரளவு விளங்கும், எங்களுக்கு மீன்கறி, பருப்புக்கறி எல்லாம் கறிதான். தமிழ்நாட்டில பெரும்பாலும் கறி எண்டால் இறைச்சி. அந்தக் காட்சியில அவை கேட்கிறது இறைச்சியை இல்லை, இந்தியச் சாப்பாட்டுக் கடைக்குப் போவமா எண்டுதான்.

சொல்லின்ர பயணத்தையும் பாருங்கோ. சங்கப் பாட்டுகளில கறி எண்டால் மிளகு. தமிழ்க் 'கறி' போர்த்துக்கீசர் வாயில 'கரில்' ஆகி, ஆங்கிலத்துக்குப் போனது. ஹன்னா கிளாஸ் 1747இல வெளியிட்ட சமையல் புத்தகத்திலயே கறிக்குச் செய்முறை இருக்கு: கொத்தமல்லி விதையை நெருப்பில வறுத்து, மிளகோட இடிச்சுக் கோழியில போடச் சொல்லுறா. அப்பிடிப் போன எங்கட சொல் இப்ப ஒரு பெல்ஃபாஸ்ட் பாடகியின்ர பேருக்குப் பின்னால நிற்குது. எனக்கு இது பெரிய சந்தோசம்.

வசனவரி:
இரண்டு பேருக்கும் நன்றி. "இண்டியன் கடையில சாப்பிடலாமா?" என்று போடுகிறேன். அதே ஆள் பிறகு "ஐம் ஆன் மை டாட்" என்கிறார். இதுவும் அந்த வகைதானா?

சொல்லடுக்கு:
அதேதான். டாட் ஸ்லோன் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்து வந்து குதிரை ஓட்டிய அமெரிக்க ஜாக்கி. ஸ்லோனோடு ஓசை ஒத்தது 'ஓன்'. 'ஆன் யுவர் ஓன்' என்றால் தனியாக. "தனியாத்தான் இருக்கேன்" என்று போட்டால் போதும், குதிரையை உள்ளே விடாதீர்கள்.

'பெர்க்' என்று வந்தால் மட்டும் கவனம். முழுத் தொடரில் ஒளிந்திருப்பது பச்சைக் கெட்ட வார்த்தை. ஆனால் இன்று அதைச் சொல்பவர் பலருக்கு அது தெரியாது, 'மடையன்' என்ற அளவில்தான் சொல்கிறார்கள். அந்த அளவிலேயே எழுதுங்கள். மூலத்தைத் தோண்டி எடுத்துத் திரையில் போட்டால் காட்சியின் தொனியே மாறிவிடும்.