பூம்பாறைத் தோட்டத்தை விற்றால்தான் வசதியா?

மேட்டுத்தோட்டம்:
வணக்கம். கொடைக்கானல் மலையில் இருக்கும் பூம்பாறையில் எங்களுக்குப் படிக்கட்டு நிலம், ஒரு ஏக்கருக்கும் குறைவு. மலைப்பூண்டு போடுகிறோம், மாற்றி மாற்றி கேரட், உருளை. விடுதி கட்ட ஒருவர் கேட்கிறார். "வித்துட்டு பேங்க்ல போடுங்க மாமா, வட்டியில உக்காந்து சாப்பிடலாம்" என்கிறார் மச்சான். கணக்குப்படி சரிதான். ஆனால் அறுத்த பூண்டைத் தாளோடு முடிந்து, அடுப்புப் புகை படும்படி கட்டித் தொங்கவிடும் நாளில் நாலு வீட்டுப் பெண்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அம்மா முட்டிவலியை மறந்து சிரிப்பது அப்போதுதான். அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

குன்னூர்க்காரி:
விற்காதீங்க அண்ணா. பச்சைத் தேயிலை விலை சரிந்தபோது எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் விற்றுவிட்டுத் திருப்பூர் போனார். பணம் இருக்கிறது. ஊர்த் திருவிழாவுக்கு வந்தால் லாட்ஜில் தங்குகிறார்.

பழனி அடிவாரம்:
தம்பி, கடன் இருக்கா? பிள்ளை படிப்பு? ஆஸ்பத்திரி வாசலில் காசில்லாமல் நின்றால் எந்த நிலமும் நிம்மதி தராது. அதை முதலில் பாருங்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊர்ச் சரக்குதான் என்ற அரசு அங்கீகாரம், கிடைத்திருக்கிறது. மொத்தத்தையும் வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்கே ஏற்றாமல், ஒரு பங்கை நேரடியாக விற்றுப் பாருங்கள்.

மேட்டுத்தோட்டம்:
பயிர்க்கடன் கொஞ்சம்தான் ஐயா, அறுப்பு முடிந்ததும் அடைத்துவிடலாம். மகள் திண்டுக்கல்லில் நர்சிங் படிக்கிறாள். நிலம் நாளைக்கு அவளுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை வருகிறாள், அவளிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.