புதுப்பிப்பு: ஆயிரத்துக்குள்ள வர்ற மல்டிமீட்டர், உள்ள பாத்தாச்சுங்க

இந்த வெலைல கெடைக்கற மீட்டர நம்பி தோட்டத்து போர் மோட்டார் ஸ்டார்ட்டர்ல வெச்சுப் பாக்கலாமான்னு முன்ன கேட்டிருந்தனுங்க, நெறைய பேரு கழட்டிப் பாருன்னீங்க, பாத்தாச்சு.

வெளிய கேட் 3 (CAT III, பேனல், மெயின் ஒயரிங்ல வெச்சுப் பாக்கலாங்கற பாதுகாப்புத் தரம்), 600 வோல்ட்னு பெருசா அச்சடிச்சிருக்குது, அந்த ரேட்டிங்னா 6000 வோல்ட் சர்ஜ் (கண நேரம் திடீர்னு எகிறற வோல்டேஜ்) வந்தாலும் தாங்கோணும். உள்ள பாத்தா 250 வோல்ட் கண்ணாடி ஃபியூஸ் ஒன்னு, அதுவும் மில்லி ஆம்பியருக்கு மட்டும். 10 ஆம்பியர் சாக்கெட்டுக்கும் காம் (COM, கருப்பு ஒயர் சொருகற) சாக்கெட்டுக்கும் நடுவுல தடிச்ச கம்பி ஒன்னுதான், வேற தடுப்பே இல்ல. எம்ஓவி (MOV, சர்ஜ உறிஞ்சிக்கற பார்ட்டு) வெக்கற எடம் போர்டுல இருக்குது, பார்ட்டு இல்லீங்க.

நம்ம பக்கம் போர் மோட்டாரும் சரி, தறி செட்டும் சரி பாதிக்கு மேல 415 வோல்ட் திரீ பேஸ்தான், ஒயர் மறதியா 10 ஆம்பியர்ல சொருகி இருக்கறப்ப ரெண்டு பேஸ்ல வெச்சா அது நேரடி ஷார்ட்டுங்க, கைலயே வெடிக்கும். மணல் நெரப்புன செராமிக் ஃபியூஸ் இருந்தா ஆர்க்கை (ஃபியூஸ் போன பொறவும் தொடர்ந்து பாயற தீப்பொறிய) அணைக்கும், கண்ணாடி ஃபியூஸால அது முடியாது.

புரோப் (தொட்டுப் பாக்கற முள்ளு ஒயரு) மட்டும் நல்லதா மாத்துனா போதுமான்னு கேட்ட அண்ணனுக்கு: பத்தாதுங்ணா, உள்ள இருக்கறது அதேதான.

பேட்டரி, அடாப்டர் அவுட்புட், எல்இடி வேலைக்கு இது தாராளமா போதும், தூக்கிப் போட வேண்டாம். பேனல் பக்கம் மட்டும் கொண்டு போகாதீங்க, மோட்டார் கரண்ட் பாக்கோணும்னா நல்ல கிளாம்ப் மீட்டர் (ஒயரச் சுத்திக் கவ்வி கரண்ட் பாக்கற மீட்டர்) வாங்கிருங்க, ஒயரக் கழட்டற வேலையே இருக்காது.