மறுகட்டமைப்பா, மாற்றமைவா: ஆண்டெனாவுக்கு ஒரு கலைச்சொல்

காரைக்குடியிலிருந்து:

வணக்கம் அண்ணே. காலி அலைவரிசையைத் தானே தேடிப் பிடிக்கும் அறிதிறன் ரேடியோவுக்கான கலைச்சொல் பட்டியலில், reconfigurable antenna என்பதற்கு 'மறுகட்டமைப்பு அலைவாங்கி' என்று போட்டிருக்கிறீர்கள். வாங்கி என்றால் வாங்குவது மட்டுமே. இது அனுப்பவும் செய்கிறது. மறுகட்டமைப்பு என்றால் இடித்துக் கட்டுவது. இங்கே பலகையில் செப்பு அப்படியே இருக்கிறது, மின்னோட்டம் போகும் வழிதான் மாறுகிறது. நம் பக்கத்து வீடுகளில் முகப்பு தொட்டுப் பின்கட்டுவரை கதவுகள் ஒரே நேராக இருக்கும். இடைக்கதவைச் சாத்தினால் வழி வளவோடு, அதாவது நடு முற்றத்தோடு, நின்றுவிடும். ஒரு செங்கல்கூட நகராது. சுவிட்சாக வேலை செய்யும் பின் (PIN) டயோடு அந்தக் கதவுதான்.

என் பரிந்துரை 'தடமாற்று ஆண்டெனா'. ஆண்டெனா என்ற சொல்லை அப்படியே விடலாம், ஆய்வகத்தில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

தேவகோட்டையிலிருந்து:

தம்பி, வாங்கியை எடுத்துவிடலாம். ஆனால் 'தடமாற்று' போதாது. வராக்டர் என்ற வகை டயோடில் தடம் மாறுவதில்லை. மின்தேக்கம் மாறுகிறது, அதிர்வெண் படிப்படியாக இல்லாமல் வழுக்கிக்கொண்டே நகரும். முனைவாக்கத்தை, அதாவது அலையின் மின்புலம் அதிரும் திசையை, மாற்றும் வகையும் உண்டு. எல்லாவற்றுக்கும் 'மாற்றமை ஆண்டெனா' பொருந்தும். கூடவே அகலப்பட்டை, குறுகுபட்டை. 'குறும்பட்டை' வேண்டாம், சிற்றலையோடு குழம்பும்.

விளக்கக் குறிப்பில் கதவு உவமையைக் கவனமாகப் போடுங்கள். செப்புக் கீற்றில் டயோடு கடத்தினால் நீளம் கூடும், அதிர்வெண் இறங்கும். தரைத்தளத்தில், அதாவது பலகையில் தரையிணைப்பாக இருக்கும் செப்புப் பரப்பில், வெட்டிய பிளவில் நேர் எதிர்: கடத்தும்போது பிளவு குறுக்கே அடைபட்டு அதிர்வெண் ஏறும். 1.6 மி.மீ. எஃப்ஆர்4 (கண்ணாடியிழை) பலகையில் 17.5 மி.மீ. அரையலைப் பிளவு ஏறத்தாழ 5.2 கிகாஹெர்ட்ஸில் ஒத்ததிரும், 15.7 மி.மீட்டரில் அடைத்தால் 5.8. இது தோராயக் கணக்கு. அணைந்த டயோடின் மின்தேக்கமும் அதிர்வெண்ணைக் கீழே இழுக்கும், ஆகவே பிளவைச் சற்றுக் குறைத்தே வெட்ட வேண்டும்.

மாணவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் மின்னூட்டு, அதாவது டயோடை இயக்க நேர்மின்னோட்டம் கொடுப்பது. பிளவின் இரு கரையும் ஒரே தரைத்தளம். நேர்மின்னோட்டத்துக்கு அது குறுக்குச் சுற்று, டயோடு திறக்கவே திறக்காது. ஒரு கரையை மெல்லிய கீறலால் பிரித்து, கீறல்மேல் உயர் அதிர்வெண்ணை மட்டும் கடத்தும் கெப்பாசிட்டர்களை வைக்க வேண்டும். மின்னூட்டுக் கம்பியில் உயர் அதிர்வெண்ணைத் தடுக்கும் சோக் சுருள் வேண்டும். அதன் தன்னொத்ததிர்வு 5.8 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால் கம்பியே கதிர்வீசி வடிவத்தைக் கெடுக்கும்.

ஆண்டெனாவில் உள்ள இரண்டு இணைப்புகளுக்கும் (port) பெயர் வேண்டும். 3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்ஸ்வரை காலி இடம் தேடுவதை 'உணர்முனை' என்றும், கிடைத்த பட்டையில் அனுப்புவதைப் 'பேசுமுனை' என்றும் வைக்கலாமா? இரண்டுக்கும் இடையில் பிரிப்பு 20 டெசிபல்தான் என்றால், 100 மில்லிவாட் அனுப்பும்போது 1 மில்லிவாட் உணர்முனைக்குள் புகுந்துவிடும். மெலிந்த சிக்னலைத் தேடும் பெருக்கிக்கு அது மிக அதிகம். இந்த எண்ணோடு 'முனைப்பிரிப்பு' என்ற சொல்லையும் பட்டியலில் ஏற்றுங்கள்.